எழுத்துப் போடாத பந்து

உக்குவளை
10.02.2003

மகன் சிவலிங்கத்துக்கு,

நலம் விசாரித்துவிட்டு எழுதுவதுதான் முறை. இன்றைக்கு அந்த முறை எனக்கு வரவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பார்சல் வரும். உள்ளே ஒரு பந்து இருக்கும். நுவரெலியாவில் கடைசிக் குழியில் நீ என் கையில் வைத்த அதே பந்துதான். எனக்கு அது வேண்டாம்.

நீ விமானம் ஏறும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. கட்டுநாயக்காவில் உன் தங்கச்சி இலட்சுமி அழுதுகொண்டு நின்றாள். அந்த இடத்தில் சண்டை எதற்கு என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அடங்க மாட்டேன் என்கிறது.

இத்தனை வருடம் கழித்து வந்தாய். "அப்பா, பேர் போன கோல்ஃப் மைதானம் எல்லாத்துக்கும் ஒங்கள கூட்டிப் போறேன்" என்றாய். கூட்டிப் போனாய், ஒத்துக்கொள்கிறேன். கொழும்பில் மைதானத்துக்குக் குறுக்கே ரயில் போனது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்றோம். ஜன்னலில் தொங்கிய பையன்கள் நம்மைப் பார்த்துக் கை காட்டினார்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்துப் பக்கத்தில் உள்ள புது மைதானத்தில் மயில் வந்து உன் பந்தைக் கொத்திப் பார்த்தது. அந்த இரண்டு இடத்திலும் நீதான் ஜெயித்தாய். நான் முகத்தைச் சுளித்தேனா? நன்றாக அடித்தாய், ஜெயித்தாய். அது நியாயம்.

நுவரெலியாவில் கடைசிக் குழிவரை இரண்டு பேரும் சமம். நான் என் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டேன். உன் பந்து குழியிலிருந்து ஒரு குடை நீளத்தில் கிடந்தது. நீ அதைப் போட்டிருந்தால் ஆட்டம் சமமாக முடிந்திருக்கும். இலட்சுமியின் சின்ன மகள் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள் அந்தப் பந்தை. நீ தவறவிட்டாய். குழியின் ஓரத்தைக்கூட அது தொடவில்லை.

பை தூக்கி வந்த மாரிமுத்து, "பெரியவரே, மகனையே மடக்கிட்டீங்களே, இன்னைக்கு வீட்டுல கோழிதான்!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நீயும் சேர்ந்து சிரித்துக்கொண்டு பந்தை எடுத்து என் கையில் வைத்தாய்.

எல்கடுவ கிளப்பில் நாங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் பை தூக்கிய காலத்தில் திங்கட்கிழமை காலையில் மட்டும் எங்களை ஆட விடுவார்கள். தோற்றவன் தன் பந்தை ஜெயித்தவனுக்குக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவன் அதில் தோற்றவன் பேரின் முதல் எழுத்தை மையால் போட்டு வைத்துக்கொள்வான். என் பிஸ்கட் டின்னில் அப்படிப் பதினைந்து இருபது பந்து இருப்பது உனக்குத் தெரியும். அதில் 'சி' போட்ட பந்து இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னை ஜெயித்ததை நான் ஜெயித்ததாக எடுக்கவில்லை. நீ ஆளான பிறகு ஒரு நாள் நேராக ஜெயித்து எழுத்துப் போடலாம் என்று காத்திருந்தேன்.

அதைத்தான் நீ போகிற போக்கில் கிழவனுக்கு ஒரு மிட்டாய் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுப் போனாய்.

நீ சொன்ன பேச்சு என்றைக்குக் கேட்டாய்? மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்றேன், வாங்கினாய். கொழும்பில் அதிலிருந்து விழுந்து கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றாய். அந்தச் சனியன் ரயிலில் உன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அன்றைக்கே அதைக் கடைத்தெரு அப்துல் ஸமத்துக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். இப்போது பந்தையும் உனக்கே தூக்கிக் கொடுக்கிறேன்.

வேண்டுமென்றுதான் தவறவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அது போதும்.

அப்பா
லெட்சுமணன்


டண்டீ, ஸ்கொட்லாந்து
02.03.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. சுங்கத்தில் பெட்டியைக் கிழித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். இலங்கையிலிருந்து பழைய பேப்பரில் சுற்றி ஒரே ஒரு பழைய பந்து வருகிறதே என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்.

நான் வேண்டுமென்று தவறவிடவில்லை. அடித்தேன், போகவில்லை. நீங்கள் ஜெயித்தீர்கள். இதற்கு மேல் என்ன எழுதுவது? நீங்கள் கேட்கிற வரியை எழுதினால் அது பொய். பந்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எழுத்தைப் போட்டு டின்னில் வையுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து சென் அண்ட்ரூஸ் போயிருந்தேன். உலகத்திலேயே பழைய மைதானம் என்று சொல்வார்களே, அது இங்கிருந்து பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாரும் ஆடுவதில்லை. மைதானத்தைச் சாத்திவிட்டு ஊருக்குத் திறந்துவிடுகிறார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்களுமாகப் புல்லெல்லாம் சனம். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. உங்களுடைய திங்கட்கிழமையைத்தான் நினைத்துக்கொண்டேன். கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு சின்னக் கல் பாலம் இருக்கிறது. அதில் நின்று, அப்பா இங்கே நின்றால் என்ன குறை சொல்வார் என்று யோசித்தேன். புல்லை ஒழுங்காக வெட்டவில்லை என்பீர்கள்.

பக்கத்திலேயே மேடும் பள்ளமுமாக, குழிக்குள் பந்து உருட்டி ஆடுவதற்கு மட்டும் ஒரு இடம் இருக்கிறது. யாரும் போய் ஆடலாம். உங்கள் முழங்காலுக்கு அது சரியாக இருக்கும். வருகிறீர்களா? விசா விண்ணப்பம் போட்டிருக்கிறேன். மே மாதம் நடுவில் கொழும்புக்கு உங்களை நேரில் கூப்பிடுவார்கள். இலட்சுமியின் வீட்டுக்காரர் கூட வருவார்.

வாருங்கள் அப்பா. ஆசையாக இருக்கிறது.

அன்புடன்
சிவா


உக்குவளை
24.03.2003

சிவலிங்கத்துக்கு,

பந்து திரும்பவும் வருகிறது. தபால் கந்தோரில் புஷ்பவதி அதை நிறுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க மாமா, இந்தப் பந்து ஊருக்கும் சீமைக்கும் நடையா நடக்குது? இதுக்கு ஒரு பாஸ்போட் எடுத்துக் குடுத்தா அதுவே போய் வந்துருமே" என்றாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். உன்னால் எனக்கு இந்த மரியாதை.

நீ பொய் சொல்கிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்று கேள்.

எல்கடுவ கிளப்பில் சனிக்கிழமைதோறும் பெரிய துரை ஆடுவார். அவரோடு ஆடுகிற சின்னத் துரைமார் எல்லாரும் அவரைவிட நன்றாக ஆடுகிறவர்கள். ஆனால் ஒருத்தனும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. கடைசிக் குழியில் கையெட்டும் தூரத்தில் பந்து கிடக்கும், தவறவிடுவார்கள். தலையில் அடித்துக்கொள்வார்கள். பெரிய துரை முதுகில் தட்டிக் கொடுப்பார். நாங்கள் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்போம். எங்களுக்கு அந்தத் தவறு முன்கூட்டியே தெரியும். கட்டை பந்தைத் தொடுகிறதற்குச் சற்று முன்னால் வலது மணிக்கட்டு விரிந்து கொடுக்கும். "கதவு தொறந்துருச்சுடா" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நேர்மையாகத் தவறவிடுகிறவனுக்குக் கதவு திறக்காது. பந்து வேகம் குறையும், அல்லது கூடும். கதவு திறப்பது வேண்டுமென்று விடுகிறவனுக்குத்தான்.

நுவரெலியாவில் உன் கதவு திறந்தது. நான் உனக்கு நேர் எதிரே நின்றேன். என் கண்ணுக்கு இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை.

பழைய கை உடைவைச் சாக்குச் சொல்லிவிடாதே. எலும்பு கூடி எத்தனை வருடம் ஆகிறது? அதே கையால்தானே விக்டோரியாவில் பந்தைக் கண்ணுக்கு எட்டாத தூரம் அடித்தாய்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இலட்சுமி கேட்கிறாள். "ஒரு பந்துக்குப் போயி மகனோட மல்லுக்கு நிக்கிறீங்களேப்பா" என்கிறாள். உனக்கும் அப்படித்தான் தோன்றும். கேட்டுக்கொள். தோட்டத்தில் பிறந்த நான் எல்லாவற்றையும் கும்பிட்டுத்தான் வாங்கினேன். நாம் குடியிருந்த லயத்துக் கூரைக்கு ஒரு தகரம் வேண்டுமென்றால் கும்பிட வேண்டும். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கும்பிட்டேன். இந்த நாட்டில் பிறந்தவன் என்று ஒரு கடதாசி வாங்குவதற்கு எத்தனை மேசைக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றேன் என்று உன் அம்மாவுக்குத்தான் தெரியும். யாரையும் கேட்காமல் நானே பார்த்துப் பழகிக்கொண்டது எழுத்து ஒன்று, இந்த ஆட்டம் ஒன்று. டின்னில் இருக்கிற பந்து ஒன்றும் கும்பிட்டு வாங்கியது இல்லை. அதற்குள் போய், இரக்கப்பட்டுக் கொடுத்த ஒரு பந்தை எப்படி வைப்பேன்?

என்னைப் பெரிய துரையாக்கிவிட்டாய். நீ சின்னத் துரையாகிவிட்டாய். அவ்வளவு தூரம் போய் இதைத்தான் படித்தாயா?

சீமைக்கும் வரவில்லை, விசாவுக்கும் போகவில்லை.

லெட்சுமணன்


டண்டீ
13.04.2003

அப்பாவுக்கு,

பந்து கிடைத்தது. இனி அதை நான் அனுப்பப் போவதில்லை. மேசை மேல் இருக்கிறது.

ஜெயித்ததை எடுத்துக்கொள்ளவும் ஒரு மனிதனுக்குத் தெரிய வேண்டும். உங்களால் என்னை ஜெயிக்க முடியாது என்று சொல்வது நான் இல்லை, நீங்கள்தான். சின்னத் துரை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்க முடியவில்லை.

நான் தவறவிட்டேன். எப்படித் தவறவிட்டேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நாளைக்குப் புதுவருடம். இலட்சுமிக்கும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

சிவா


உக்குவளை
02.05.2003

சிவலிங்கத்துக்கு,

எப்படித் தவறவிட்டேன் என்று கேட்காதே என்கிறாய். அப்படியென்றால் சொல்ல ஏதோ இருக்கிறது. கேட்கிறேன்.

உன் அம்மாவின் படம் உன் வீட்டிலும் மாட்டியிருக்கிறாய் என்று இலட்சுமி சொன்னாள். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, நுவரெலியாவில் என் மணிக்கட்டு திறக்கவில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு எனக்கு எழுது. நான் என் கண்ணைப் பொய் என்று ஒத்துக்கொண்டு பந்தை வாங்கிக்கொள்கிறேன். விசாவுக்கும் போகிறேன்.

சத்தியம் பண்ண முடியாவிட்டால் எழுதவே வேண்டாம். இந்த வீட்டுக்கு வருகிற உன் கடிதத்தை இலட்சுமி வாங்கட்டும். நான் வாங்க மாட்டேன்.

லெட்சுமணன்


டண்டீ
21.05.2003

அப்பாவுக்கு,

அம்மாவின் படத்துக்கு முன்னால் இருந்துதான் இதை எழுதுகிறேன். என்னால் அந்தச் சத்தியத்தைப் பண்ண முடியாது. நீங்கள் பார்த்தது சரி. மணிக்கட்டு திறந்தது.

நான் திறக்கவில்லை அப்பா. அது தானாகத் திறக்கும்.

தொண்ணூற்றாறில் கொழும்பில் குண்டு வெடித்த பிறகு, நான் தங்கியிருந்த லொட்ஜுக்கு வந்து தமிழர் என்று எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடையாள அட்டையில் வடக்கு இல்லை, மாத்தளை என்று போட்டிருந்தது எனக்கு உதவும் என்று நினைத்தேன். உதவவில்லை. எந்த இடம் என்று இப்போதும் எழுத மாட்டேன். கையைப் பின்னால் கட்டி, கட்டிய கயிற்றிலேயே தொங்க விட்டார்கள். என்னிடம் கேட்டது எதுவும் எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. பிறகு ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் வெளியில் விட்டார்கள். அந்த வாரங்களில், கம்பனி வேலையாகக் காலிக்குப் போயிருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்லி வைத்தது என் கூட்டாளி பாறூக். மோட்டார் சைக்கிளை ரயிலில் ஏற்றி அனுப்பியதும் அவன்தான். நான் அதிலிருந்து விழவே இல்லை.

விழுந்து உடைந்த எலும்பாக இருந்தால் கூடியிருக்கும். இது நரம்பு. இங்கே வைத்தியரிடம் காட்டினேன், இவ்வளவுதான் என்றுவிட்டார். வேகமாக வீசி அடிக்கும்போது வலது கையையும் இடது கை இழுத்துக்கொண்டு போய்விடும், தெரியாது. மெதுவாகச் செய்கிற வேலையில்தான் தெரியும். தேத்தண்ணீர்க் கோப்பை, சாவி, ஒரு குடை நீளத்துப் பந்து. குளிரில் இன்னும் மோசம். கொழும்பிலும் விக்டோரியாவிலும் வெயில். நுவரெலியாவில் அன்று காலையில் புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்ததே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், தாங்க மாட்டார் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அம்மா போன பிறகும் சொல்லாதது உங்களுக்காக. சொல்லியிருந்தால் நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வாசலுக்கே போய், என் மகனை ஏன் தொட்டாய் என்று கேட்டிருப்பீர்கள். உங்களையும் உள்ளே எடுத்திருப்பார்கள்.

நான் சிரித்துக்கொண்டு பந்தைக் கொடுத்தது உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. கையை நீங்கள் பார்த்துவிட்டீர்களோ என்ற பயத்தில் சிரித்தேன்.

இதற்குப் பிறகும் கடிதத்தை வாங்க மாட்டேன் என்றால், சரி. பந்தைத் திருப்பித் தந்துவிட்டீர்கள், ஆட்டம் செல்லாது என்றே நானும் வைத்துக்கொள்கிறேன். இலட்சுமியிடம் சொல்லிவிடுங்கள்.

சிவா


உக்குவளை
15.06.2003

மகன் சிவாவுக்கு,

கடிதத்தை இலட்சுமிதான் வாங்கி என்னிடம் தந்தாள். வாசித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். அவள் பின்னாலேயே வந்து, "எங்கப்பா போறீங்க, அண்ணன் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். நான் நிற்காமல் நடந்தேன்.

அப்துல் ஸமத்தின் கடை வாசலில் அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கல்லாவிலிருந்து எழும்பி வந்தார். "என்ன லெட்சுமணன், குடுத்தத திருப்பிக் கேக்க வந்தீங்களா?"

"இல்ல. பாக்க வந்தேன்."

"பாக்க என்ன ஈக்கி? கல்லு மாதிரி ஓடுது. நீங்க தந்த அன்னைக்கு இதுல ஒரு கீறல் இல்ல. இப்ப ஈக்குற கீறல் எல்லாம் எங்கூட்டு சாலிஹ் போட்டது. வளவுச் செவருல கொண்டு போய் மோதிட்டான், மடையன்."

ஒரு கீறல் இல்லை என்கிறார். ரயிலிலிருந்து அதை இறக்கி ஸ்டேஷனிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தவன் நான். வழி முழுக்க அதைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு மனிதனின் கையை உடைத்த வண்டியில் கண்ணாடிகூட உடையாமல் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் இரும்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் அந்த வாசலுக்குப் போயிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். போயிருப்பேன்தான். வேட்டியை மடித்தும் கட்டியிருக்க மாட்டேன், இறக்கி விட்டுக்கொண்டு போயிருப்பேன். ஆனால் கும்பிட்டிருக்க மாட்டேன். உள்ளே எடுத்திருந்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். ஆகையால், நீ சொல்லாமல் விட்டது சரி என்று என்னிடமிருந்து கடிதம் எதிர்பார்க்காதே. பெற்றவனுக்குச் சேர வேண்டிய கோபத்தை நீ எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டாய். அதைச் செலவழிக்க இடம் தெரியாமல் ஒரு மோட்டார் சைக்கிளிலும் ஒரு பந்திலும் செலவழித்தேன். உன்னைத் தொட்டவர்களை ஒரு காலத்தில் யாராவது கேள்வி கேட்பார்களா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் உயிரோடு இருந்தால் முன் வரிசையில் நிற்பேன்.

பந்து விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்டம் செல்லாது என்று முடித்திருக்கிறாய். யாரைக் கேட்டு முடித்தாய்? ஒரு வாரமாக யோசித்தேன். உன் கை இப்படி என்று தெரிந்தவுடன் முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐயோ, இந்தக் கையைப் போய் ஜெயித்தேனா, திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று. பிறகு பார்த்தால், நான் எதற்காக உன் மேல் இத்தனை கோபப்பட்டேனோ அதையே நான் உனக்குச் செய்யப் பார்க்கிறேன். உனக்கு இருக்கிற கையோடு நீ ஆட வந்தாய். ஒரு சாக்கும் சொல்லாமல், ஒரு அடிகூட விட்டுத் தரக் கேட்காமல் ஆடினாய். எனக்கு இருக்கிற முழங்காலோடு நான் ஆடினேன். கடைசிக் குழிவரை சமமாக வந்து, நீ தோற்றாய். நான் ஜெயித்தேன். நான் உனக்கு இரக்கப்பட மாட்டேன். அதைத் திருப்பித் தரவும் மாட்டேன்.

மிட்டாய் என்று ஒரு சொல் எழுதினேன். சின்னத் துரை என்று ஒரு சொல் எழுதினேன். அந்த இரண்டையும் அடித்துவிட்டு மற்றதை வாசி. மற்றது அப்படியே இருக்கட்டும்.

விசாவுக்கு அவர்கள் கூப்பிட்ட நாள் போய்விட்டது. திரும்பப் போடு. குளிர் இல்லாத மாதம் எது என்று கேட்டு அந்த மாதத்துக்குப் போடு. எனக்கு முழங்கால் குளிரில் இழுக்கிறது, அதற்காகத்தான். வேறு எதற்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாலத்தைப் பார்ப்போம். திங்கட்கிழமை அந்த மேடு பள்ளத்தில் பந்து உருட்டுவோம். வலது கைக்குக் கீழே இடது கையை இறக்கிப் பிடித்தால் கதவு திறக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். அங்கே வந்து நேரில் சொல்கிறேன். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். நீ எங்கே கேட்கப் போகிறாய்.

அது புது ஆட்டம். பழைய ஆட்டம் முடிந்துவிட்டது. மேசை மேல் இருக்கிற பந்து என்னுடையது. அதை உடனே தபாலில் போடு. புஷ்பவதி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மை வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்பா
லெட்சுமணன்